பத்தாவது புல்லப்: ராணுவத்தின் அக்னிவீர் உடல்தகுதித் தேர்வுக்கான பயிற்சிக் குறிப்பேடு

ஜூன் 2, திங்கள்
இன்று அளவெடுப்பு மட்டும்: கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்லப் எத்தனை வருகிறது என்று. கை முழுசாக நீண்டு தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வந்தால்தான் ஒன்று. காலை உதறி ஏறியது கணக்கில் சேராது. ‘எட்டு எடுப்பேன்’ என்று வருகிறவர் பலர் இந்தக் கண்டிப்புக்கு ஆறில் நின்றுவிடுவார்கள். ஆறுக்கு 16 மதிப்பெண், ஒன்பதுக்கு 33, பத்துக்கு 40. கடைசி ஓர் இழுப்புக்கு மட்டும் 7.

ஜூன் 4, புதன்
ஆறு எடுப்பவருக்கு: செட்டுக்கு மூன்று வீதம் ஆறு செட், இடையில் இரண்டு நிமிட ஓய்வு. “இவ்வளவுதானா?” என்பார்கள். இவ்வளவுதான். சுத்தமான 18 இழுப்பு கிடைக்கிறது. கை விட்டுப்போகும்வரை எடுத்தால் 6, 4, 2, 1 என்று 13-இல் முடியும். அதிலும் கடைசி மூன்று கோணல்மாணல். உடம்பு அந்தக் கோணலையும் சேர்த்தே பழகும். திங்கள், புதன், வெள்ளி மட்டும். அடுத்த வாரம் ஏழு செட், பிறகு எட்டு, நான்காம் வாரம் செட்டுக்கு நான்கு வீதம் ஐந்து.

ஜூன் 6, வெள்ளி
செட் முடிந்ததும் இறங்கும் பயிற்சி. ஸ்டூலில் ஏறி மோவாயைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும். நான்கு முறை போதும். முழங்கை செங்கோணத்தைத் தாண்டும் இடத்தில் தொப்பென்று விழுந்தால் பலம் அங்கேதான் குறைவு. அந்த இடத்தில் இரண்டு நொடி நிறுத்திப் பழகணும்.

தொங்கும்போது தோள் காதை உரசிக்கொண்டிருந்தால் முதல் இழுப்பிலேயே பாதி பலம் போய்விடும். முழங்கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இறக்குவது, எட்டு முறை: இதுவே வார்ம்-அப்.

தண்டால் நூறு போட்டால் புல்லப் தானாகக் கூடும் என்பது மைதானத்து மூடநம்பிக்கை. தள்ளுகிற தசை வேறு, இழுக்கிற தசை வேறு.

ஜூன் 10, செவ்வாய்
1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். 400 மீட்டர் சுற்றுக்கு 82.5 நொடி. பயிற்சி: 400 மீட்டர் நான்கு முறை, ஒவ்வொன்றும் 80–82 நொடி, நடுவில் இரண்டு நிமிட நடை. கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 72-இல் ஓடியவர் மூன்றாவதில் 90-ஐத் தொடுவார். வேகத்தை அடக்கி ஓடுவதும் பயிற்சிதான்.

ஜூன் 14, சனி
தேர்வில் ஓடி முடித்த பிறகுதான் கம்பி. அதனால் வாரம் ஒருநாள் மட்டும் சேர்த்துச் செய்யணும்: ஒரு கிலோமீட்டர் விறுவிறு ஓட்டம், ஐந்து நிமிட இடைவெளி, பிறகு உச்ச எண்ணிக்கையில் இரண்டு குறைத்து ஒரே செட். மூச்சு அடங்காமல் கம்பியைப் பிடித்தால் எண்ணிக்கை எவ்வளவு சரிகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். வியர்த்த உள்ளங்கையில் கொஞ்சம் காய்ந்த மண். காய்ப்பு தடித்தால் உரசித் தேய்க்கணும். விட்டால் தோலோடு பிய்யும்.

ஜூன் 21, சனி
தேர்வில் தாண்ட வேண்டிய ஒன்பது அடிப் பள்ளத்துக்கான பயிற்சி. குதித்துத் தாவும் பஸ்கி ஆறு வீதம் மூன்று செட், மணலில் கோடு போட்டுப் பத்து தாவல். போதும்.

ஜூன் 30, திங்கள்
இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் மறு அளவெடுப்பு. எட்டு வந்தால், செட்டுக்கு நான்கு வீதம் ஆறு செட். இன்னும் ஆறிலேயே நின்றால் முதல் சந்தேகம்: வீட்டில் தினமும் ‘எத்தனை வருது’ என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரா? முழங்கையின் உள்பக்கம் வலித்தால் இறங்கும் பயிற்சிக்கு ஒரு வாரம் விடுப்பு.