வாத்தியங்களுக்கும் ஒரு பதிவேடு

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பேண்டுக்கென்று தனி அறை கிடையாது. நூலகத்தின் பின்சுவரை ஒட்டி நின்ற இரண்டு அலமாரிகளில்தான் வாத்தியங்கள் இருந்தன. சாவி நூலகரான என்னிடம். இசை படிக்காத நான் பேண்டுக்கும் பொறுப்பாளர் ஆனது அப்படித்தான். சிறிய ஊர்ப் பள்ளிகளில் பொருள் யார் கையில் இருக்கிறதோ, பொறுப்பும் அவர் தலையில்தான் வந்து விழும்.

முதல் இரண்டு ஆண்டுகள் அந்த அலமாரிகளை நன்றாகவே பார்த்துக்கொள்வதாக நினைத்தேன். விளையாட்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் திறப்பேன். விழா முடிந்த அன்று மாலையே எண்ணி வைத்துப் பூட்டிவிடுவேன். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் டிரம் குச்சி ஒன்றுகூடக் குறையவில்லை. புத்தகங்களையும் அப்படியேதான் வைத்திருந்தேன். கலைக்களஞ்சியங்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும். “வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா டீச்சர்?” என்று யாராவது கேட்டால், இங்கேயே உட்கார்ந்து பார் என்பேன். தொலைந்த புத்தகத்துக்கு நூலகர் பதில் சொல்லியாக வேண்டும். யாரும் தொடாத புத்தகத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அந்தப் பயம்தான் எனக்கு.

மூன்றாம் ஆண்டு அலமாரியைத் திறந்தபோது டிரம்பெட்டின் நடு வால்வு அசையவில்லை. எண்ணெய் காய்ந்து பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தது. டிரம்பெட்டுக்கு இருப்பது மூன்றே வால்வுகள். நடு வால்வை அழுத்தினால் அரைச் சுரம் இறங்கும், முதல் வால்வுக்கு ஒரு சுரம், மூன்றாவதுக்கு ஒன்றரை. இவற்றைச் சேர்த்தும் பிரித்தும் அழுத்தித்தான் இடைப்பட்ட சுரங்களை எல்லாம் பிடிக்க வேண்டும். ஒன்று சிக்கிக்கொண்டால் பாட்டு நடக்காது. கிளாரினெட்டின் ரீடுகளும் நுனியில் பிளந்திருந்தன. நாணலை மெல்லியதாகச் சீவிச் செய்வது அது.

டிரம்பெட் வாசிக்கும் பையன் என்னைக் குறை சொல்லவில்லை. வால்வை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அணிவகுப்பில் வெறுங்கையோடு கடைசி வரிசையில் நடந்தான். அந்த ஆண்டுச் சரிபார்ப்புப் பட்டியலிலும் “அனைத்தும் சரி” என்றே எழுதினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. எழுதும்போது கை கூசியது.

இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நூலகவியல் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்தது. இடைக்கால ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு மேசையோடு பிணைத்திருந்த செய்தியையும் அப்போதே படித்திருக்கிறேன். நான் பூட்டிய கண்ணாடிக் கதவு எனக்கு அந்தச் சங்கிலியாகத் தெரிய இத்தனை நாள் ஆயிற்று.

அடுத்த கல்வியாண்டில் தலைமையாசிரியரிடம் பேசி அனுமதி வாங்கினேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் புத்தகத்துக்குப் போலவே சேர்க்கை எண், உறைக்குள் ஓர் அட்டை, 14 நாள் தவணை. வாயில் வைத்து ஊதும் பகுதி மட்டும் ஆளுக்கு ஒன்று தனியாக. வால்வு எண்ணெய்ப் புட்டியும் துடைக்கும் துணியும் வாத்தியத்தோடு சேர்ந்தே போகும். கலைக்களஞ்சியக் கதவையும் அதே வாரத்தில் கழற்றினேன். பயிற்சிச் சத்தம் படிப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று ஒரு பேச்சு வந்தது. நேரத்தைப் பிரித்துக்கொடுத்ததும் அடங்கிவிட்டது.

நான் எதிர்பார்க்காத ஒன்று அப்புறம் நடந்தது. அதே டிரம்பெட் பையன் ஒருநாள் வந்து, “ஆரம்பிக்கும்போது சுருதி சேருது டீச்சர், பத்து நிமிஷம் ஊதினதும் ஏறிடுது. வாத்தியம் கெட்டுப்போச்சா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் இசைக்கு 780, காற்று வாத்தியங்களுக்கு 788. அந்தத் தட்டில் இருந்த புத்தகங்களில் விரலை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் இருந்தது. இருவரும் தேடிக்கொண்டே போய் 534-இல் நின்றோம். இயற்பியலில் ஒலிக்கான எண் அது.

விடை அங்கே இருந்தது. காற்று சூடாகச் சூடாக அதில் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு சுமார் 343 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். ஊத ஊத மூச்சின் சூட்டில் குழாய்க்குள் இருக்கும் காற்றும் சூடேறுகிறது, சுருதியும் கூடவே ஏறுகிறது. உலோகமும் சூட்டில் கொஞ்சம் நீளத்தான் செய்யும், ஆனால் ஏறிய சுருதியை இறக்க அது போதாது. அவன் நின்றுகொண்டே அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தான். வாத்தியத்தை எடுத்து, சுருதி சேர்க்கும் வளைகுழாயைச் சற்றே வெளியே இழுத்தான். குழாய் நீளமானால் சுருதி இறங்கும். “அப்போ இது கெட்டுப்போகலை” என்றான். அவன் முகத்தில் இருந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுவாரம் சைடு டிரம் வாசிப்பவளையும் அழைத்து வந்தான். ஈரமான நாளில் பழைய தோல் டிரம் ஏன் தொய்கிறது என்பது அவளுடைய கேள்வி. அதுவரை நூலகத்தில் அவள் பெயருக்கு ஒரு புத்தகம்கூடப் பதிவாகியிருக்கவில்லை. அன்று இரண்டு எடுத்துப் போனாள்.

அந்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் ஏழு புத்தகங்கள் இல்லை. ஒரு ஜோடி டிரம் குச்சியும் இல்லை. டிரம்பெட்டின் அகன்ற வாய் ஓரத்தில் நசுங்கியிருந்தது. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் டிரம்பெட்டுக்கு நேராக, குறிப்புக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: “வாய்ப்பகுதியில் சிறு பள்ளம். மூன்று வால்வுகளும் நன்றாக இயங்குகின்றன.”