கார்பன் இழைக் கூட்டுப்பொருளில் துளையிடல்: முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குவோருக்கு

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய விமானங்களின் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழப் பாதி, கார்பன் இழை போன்றவற்றைப் பிசினில் பதித்து அடுக்கடுக்காக உருவாக்கும் கூட்டுப்பொருள்தான் என்பதை இத்துறையில் எழுதப்படும் எந்த ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் காணலாம். அந்தப் பாகங்களைப் போல்ட்டாலும் ரிவெட்டாலும் இணைக்கத் துளைகள் வேண்டும். டிரில் வெளியேறும் பக்கத்தில் கடைசி அடுக்குகள் பிரிந்துவிட்டால், ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த உலையில் பதப்படுத்திப் பெரும் செலவில் உருவாக்கிய பாகம் அசெம்பிளி கட்டத்தில் நிராகரிக்கப்படலாம். இத்தகைய துளைகளை ஆராய்ந்து பட்டம் பெற்ற அனுபவத்தில், இப்போது தொடங்குவோருக்கு நான் முதலாவதாகச் சொல்வது இதுதான்: டிரில்லின் தேய்மானத்தை ஆய்வின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள்.

நம் கல்லூரிகளில் வழக்கமாக நடப்பது வேறு. சுழல்வேகம், ஃபீட் (டிரில் உள்ளிறங்கும் வீதம்), டிரில் முனைக்கோணம் என மூன்று காரணிகளை எடுத்து, 27 சோதனைகளைக் கொண்ட டகுச்சியின் எல்27 சோதனைத் திட்ட அட்டவணையில் பொருத்தி, அனோவா (எந்தக் காரணியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறை) போட்டு, ஃபீடின் பங்கே அதிகம் என்று முடிக்கிறார்கள். அந்த அட்டவணையின் முதல் நெடுவரிசையில் முதல் 9 வரிகள் தாழ்ந்த அளவிலும் கடைசி 9 வரிகள் உயர்ந்த அளவிலும் இருக்கும். ஒரே டிரில்லைக் கொண்டு அட்டவணை வரிசையிலேயே துளையிட்டால், அந்த நெடுவரிசையில் வைத்த காரணியின் விளைவும் டிரில் மழுங்கியதன் விளைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு எந்தப் புள்ளியியலாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் புதிய டிரில் எடுங்கள். அதற்குப் பணம் போதாதென்றால் வரிசையைக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு துளையும் அந்த டிரில்லின் எத்தனையாவது துளை என்பதையும் குறித்து வையுங்கள்.

தேய்மானம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இயக்கவியலிலேயே விடை இருக்கிறது. ஹோ-செங், தரன் இருவரும் 1990இல் வெளியிட்ட மாதிரியின்படி, டிரில்லுக்குக் கீழே வெட்டப்படாமல் எஞ்சியிருக்கும் அடுக்குகளின் தடிமன் குறையக் குறைய, அவை பிரியாமல் தாங்கக்கூடிய உந்துவிசையும் (டிரில் கீழ்நோக்கி அழுத்தும் விசை) அத்தடிமனின் 3/2ஆம் படிக்கு ஏற்பக் குறைகிறது. இன்னொரு பக்கம், கார்பன் இழைகள் கார்பைடு டிரில்லின் வெட்டு விளிம்பை உராய்ந்து உராய்ந்து வட்டமாக்குகின்றன. மழுங்கிய விளிம்பு இழைகளைச் சீராக அறுப்பதற்குப் பதிலாக அழுத்தி வளைப்பதால் உந்துவிசை ஏறுகிறது. புதிய டிரில்லில் அடுக்குகளைப் பிரிக்காத அதே ஃபீட், தேய்ந்த டிரில்லில் பிரித்துவிடுவது இதனால்தான். உலோகத்தில் பழகிய கண் பக்கவாட்டுத் தேய்மானத்தை மட்டும் அளக்கும். இங்கே விளிம்பு ஆரத்தையும் அளந்தாக வேண்டும். வைரப் பூச்சுள்ள டிரில் என்றால், பூச்சின் தடிமனாலேயே விளிம்பு தொடக்கத்திலேயே சற்று மழுங்கலாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

துளை வெளியேறும் பக்கத்தைக் கருவியில் அளப்பதற்கு முன் நுண்ணோக்கியில் பொறுமையாகப் பாருங்கள். கடைசி அடுக்கு ஒற்றைத்திசை இழையாக இருந்தால், அறுபடாத இழைகள் துளையைச் சுற்றிச் சீராக நிற்பதில்லை. எதிரெதிரான இரு கால்வட்டங்களில் மட்டும் தூரிகை முடிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்பு சுழலும்போது வெட்டும் திசைக்கும் இழைக்கும் இடையிலான கோணம் மாறிக்கொண்டே இருப்பதும், அவ்விரு இடங்களில் இழை அறுபடாமல் வளைந்து நழுவுவதும் அங்கே தெளிவாகத் தெரியும். சேதத்தின் மிகப் பெரிய விட்டத்தைத் துளை விட்டத்தால் வகுத்துப் பெறும் குணகம் ஒரே எண். நீண்டு தெறித்த ஒற்றைக் கீறலும், சுற்றிலும் பரவிய பிரிவும் அதில் ஒரே மதிப்பைப் பெறக்கூடும். ஆகவே சேதப் பரப்பையும் சேர்த்துத் தாருங்கள். உட்புற அடுக்குகளின் பிரிவுக்கு, மீயொலியால் உட்புறத்தைப் படமெடுக்கும் அல்ட்ராசோனிக் சி-ஸ்கேன் வேண்டும். துளைச் சுவரின் ஆர்ஏ (சராசரிச் சொரசொரப்பு) மதிப்பை மட்டும் நம்ப வேண்டாம். வெப்பத்தில் இளகிய பிசின் பள்ளங்களில் பூசிக்கொண்டு, கெட்ட சுவரையும் வழவழப்பாகக் காட்டும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக: முழு ஆய்வுக்கும் வேண்டிய தகடுகளை ஒரே தொகுதிப் பிரீபிரெக்கிலிருந்து (முன்பே பிசின் ஊட்டிய இழைத்தாள்), ஒரே பதப்படுத்தும் சுழற்சியில், முதல் ஆண்டிலேயே செய்து வாங்கிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் வேறு தொகுதித் தகடு வந்தால் பழைய முடிவுகளோடு ஒப்பிடுவது கடினம். தகட்டுக்குக் கீழே வைக்கும் தாங்கியின் துளை விட்டத்தையும் மாற்றாதீர்கள். அது பெரிதானால் தகடு கூடுதலாக வளைந்து பிரிவும் கூடும்.

தூசியை எளிதாக எண்ண வேண்டாம். கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும். கணினி இயக்கும் துளையிடும் இயந்திரமான சிஎன்சியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். உடலுக்கும் தீங்கு. நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள் என்பதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் சமன்பாடுகளைவிட அதிகமாகத் துருவுவது, இந்த முடிவு எத்தனையாவது துளைக்குப் பொருந்தும் என்பதையே. தேய்ந்த டிரில்களைத் தூக்கி எறியாமல், அவை போட்ட துளைகளின் எண்களை எழுதி, அந்தத் தகட்டுத் துண்டுகளோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்; கேள்வி எழும்போது அந்த விளிம்பை மீண்டும் நுண்ணோக்கியில் வைத்து அளக்க முடியும்.