சோப்பு டப்பாவுக்குள் ஒரு தூண்டில்

என் பழைய தூண்டில் பெட்டியை ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான்கு கிலோ இருநூறு கிராம். ராடும் (தூண்டில் கோல்), நரம்பு சுற்றும் ரீலும் அதில் சேர்த்தி இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பவானி வந்து, மேட்டூர் பஸ் பிடித்து நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கி, காவிரிக் கரையில் அரை மணி நேரம் இதைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். கரையில் உட்கார்ந்து மூன்று தட்டுகளையும் விரித்ததும் மாமா ஒருமுறை கேட்டார்: "மாப்ள, மீன் புடிக்க வந்தியா, கடை போட வந்தியா?"

அவரிடம் இருந்தது ஒரு மூங்கில் குச்சி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, சட்டைப் பையில் ஒரு தைல டப்பா. டப்பாவில் நான்கு தூண்டில் முள்ளும் கொஞ்சம் நைலான் நரம்பும். அன்றைக்கு அவருக்குப் பதினோரு ஜிலேபி மீன். எனக்கு இரண்டு.

அடுத்த வாரம் பெட்டியைக் கொட்டிப் பிரித்தேன். கடல் மீனுக்கான ஜிக் (கனமான போலி இரை) ஆறு இருந்தது. நான் கடலுக்குப் போனதே ஒரே ஒரு தடவை. கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லா மீனுக்கும் சாமான் சேர்த்ததுதான் கனத்துக்குக் காரணம். நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைக்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீரில் எனக்கு உண்மையில் கிடைப்பது ஜிலேபி, கெண்டை, எப்போதாவது கெளுத்தி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இன்றைக்கு அது இல்லாத குட்டை ஏது? அதற்கு வாய் சிறிது. எனவே 10-ம் நம்பர் முள் பத்து, கெண்டைக்கும் கெளுத்திக்கும் 6-ம் நம்பர் ஐந்து, அவ்வளவுதான். புதிதாக வாங்குகிறவர்கள் இதில் குழம்புவார்கள்: நம்பர் கூடக்கூட முள் சிறிதாகும். 1-க்கு அப்புறம் 1/0, 2/0 என்று மறுபடி பெரிதாகப் போகும். நானே 2-ம் நம்பர் என்று நினைத்து 2/0 வாங்கி வந்து, அதில் மண்புழு தோரணம் மாதிரித் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்குப் பதிலாக இப்போது இதையெல்லாம் வைக்கும் டப்பா எது தெரியுமா? பயணத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் சோப்பு டப்பா. உள்ளே, அறுந்துபோன ஹவாய் செருப்பிலிருந்து டப்பா அளவுக்கு வெட்டிய ரப்பர் துண்டு. வீட்டிலேயே முள் கட்டிய நரம்பை அந்த ரப்பரைச் சுற்றிச் சுற்றி, முள் நுனியை ரப்பரிலேயே குத்திவிடுவேன். ஆற்றங்கரையில் காற்றடிக்கும்போது, நாற்பத்தைந்து வயதுக் கண்ணை வைத்துக்கொண்டு முடிச்சுப் போடும் வேலை மிச்சம். வீட்டில் முடிச்சை இறுக்கும் முன் எச்சிலில் நனைக்க மறக்காதீர்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் இழக்கும். பெரிய மீன் இழுக்கும்போது அங்கேதான் அறும்.

ஈயக்குண்டை விட்டுவிட்டேன். சின்ன வயதில் அதைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கியவன் நான், இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-லேயே சின்ன ஈயக்குண்டுகளைத் தடை செய்துவிட்டது. நான் சைக்கிள் கடையில் வாங்கிய சின்ன இரும்பு நட்டுகளைக் கோத்துக்கொள்கிறேன். பாறையில் மாட்டி அறுந்தாலும் மனசு வலிக்காது. ஈயத்தைவிடக் கொஞ்சம் பருமன்தான், ஆனால் ஜிலேபி அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

மீதி இடத்தில் இரண்டு தக்கை, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சுவிவல் நான்கு, ஒரு நகவெட்டி, சர்ஜிக்கல் கடையில் வாங்கிய வளைந்த நுனிக் கவ்வி. நரம்பு வெட்ட நகவெட்டியை மிஞ்சியது இல்லை. கவ்வி இரண்டு வேலை செய்யும்: மீன் வாயிலிருந்து முள்ளை எடுக்கும், முள்ளின் கொண்டியை, அதாவது நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரை, நசுக்கி மழுக்கும். கட்டை விரலில் ஒருமுறை கொண்டியோடு முள் ஏறி, டாக்டர் வெட்டி எடுத்த பிறகு நான் எல்லா முள்ளையும் நசுக்கித்தான் வைக்கிறேன். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் ஒன்றும் தப்பாது.

ராடு ஏழடி டெலஸ்கோப். மடித்தால் ஒன்றரை அடி, பைக்குள் போய்விடும். அதற்கு எதிரி மணல். கரை மணலில் கிடத்திவிட்டு அப்படியே மடிக்கப் போய், ஒருதடவை மூட்டு இறுகிவிட்டது. ஏழடியையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். "அண்ணா, இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடறதா, ஆள் டிக்கெட் போடறதா?" என்றார் கண்டக்டர். அன்றிலிருந்து மடிக்கும் முன் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவேன். ரீல் 2000 சைஸ், சிறிய ரகம், அதில் 0.25 மில்லிமீட்டர் நரம்பு. வெயிலில் கிடந்தால் நைலான் நரம்பு கெட்டுப்போகும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

இரையை நான் சுமப்பதே இல்லை. மண்புழு கரையிலேயே கிடைக்கும், இல்லையென்றால் முந்தின நாள் பரோட்டா. மேட்டூரில் தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிடும் நாட்களில் போவதும் இல்லை. ஆறு ஏறுவது நாம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது.

ராடு, ரீல், டப்பா எல்லாம் சேர்த்து இப்போது அறுநூற்று எண்பது கிராம். போன மாதம் மாமாவிடம் டப்பாவைப் பெருமையாக நீட்டினேன். திறந்து ரப்பரைத் தடவிப் பார்த்தார். நட்டை உருட்டிப் பார்த்தார். அப்புறம் நகவெட்டியை எடுத்து, நிதானமாகப் பத்து விரல் நகத்தையும் வெட்டிக்கொண்டு, டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.