வியாழக்கிழமை ஏறிரும்

மார்ச் 3, திங்கள்

எதிர்வீட்டு அக்கா காலையிலேயே வந்து நின்றார். காபி வேண்டாம் என்றார். அவர் காபி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "வியாழக்கிழமை எல்லாருக்கும் ஏறிருமுங்கக்கா, சார் என்கிட்டயே சொன்னாருங்க" என்று அம்மாவிடம் சொன்னவர், ஹாலில் நான் இருப்பதைப் பார்த்ததும் அதையே இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பிப்ரவரி மாத வட்டி வரவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வட்டி என்று ஒன்று வந்துகொண்டிருந்தது என்பதும்.

அப்பா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் சத்தம் குறைந்தது. விளம்பரமா, அவரே குறைத்தாரா, தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

அம்மா அந்தக் கம்பெனியில் போட்டது இரண்டு லட்சமாம். மூணு வட்டி. லட்சத்துக்கு மாதம் மூவாயிரம், வருடத்துக்கு 36 சதவீதம். எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், "போஸ்ட் ஆபீஸ்ல போட்டா என்ன குடுக்கறான் கண்ணு?" என்கிறார். யாரிடம் கேட்டுப் போட்டீர்கள் என்றால், "நீ சாப்டியா?" அப்பாவுக்கு ஜனவரியில்தான் ஸ்டென்ட் வைத்தோம், அதனால் அவர் காதில் போடக்கூடாதாம். இதை மட்டும் நேராகச் சொன்னார், என் கண்ணைப் பார்த்து.

மார்ச் 6, வியாழன்

ஏறவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அம்மாவின் போனில் கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பை முதலிலிருந்து படித்தேன். அட்மின் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் கைகூப்பும் பொம்மை மட்டும் போடலாம் என்கிற அமைப்பு. ஜனவரி கடைசியில் "சர்வர் மாற்றம் நடைபெறுகிறது". பிப்ரவரி நடுவில் "ஆடிட்". அப்புறம் "ரிசர்வ் வங்கி அனுமதி இறுதிக்கட்டம்". இப்போது "மார்ச் மாதக் கணக்கு முடிப்பு". ஒன்று பொய்யாகி இன்னொன்று வருவதற்குள் முதலாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சர்வர் என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை, அட்மின் மட்டும்.

நேற்று ராத்திரி கம்பெனியை நடத்துகிற "சார்" குரலிலேயே ஒரு வாய்ஸ் நோட். மும்பையில் இருக்கிறாராம், ரிசர்வ் வங்கி அதிகாரிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாராம். "என்னை நம்பின ஒரு குடும்பத்தையும் நடுத்தெருவுல விடமாட்டேன்." குரல் நன்றாக இருக்கிறது. அவசரமில்லை, தடுமாற்றம் இல்லை, நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு.

மார்ச் 8, சனி

அந்த வாய்ஸ் நோட்டை ஹெட்போன் போட்டுக் கேட்டேன். "குடும்பத்தையும்" என்ற இடத்தில், பின்னால், தூரத்தில் ஒரு கண்டக்டர்: "சத்தி, சத்தி, சத்தி."

மும்பையில் சத்தியமங்கலம் பஸ்.

மார்ச் 9, ஞாயிறு

எதிர்வீட்டு அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். "டிவி ஓடிட்டிருந்திருக்கும் கண்ணு." அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல." சித்தப்பாவுக்குக் கேட்டது, ஆனால் அவருக்கு வேறு விளக்கம் இருந்தது: பெரிய மனுஷன், பாதுகாப்புக்காக ஊரை மாற்றித்தான் சொல்லுவார். ஆளைப் பார்த்தாலே நல்லவனா கெட்டவனா என்று சொல்லிவிடுவாராம் சித்தப்பா. 2012-ல் பெருந்துறை ஈமுக் கோழியில் பணம் போட்டவர் அவர். அப்போதும் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். கோழி கொடுத்தார்கள், தீவனம் கொடுத்தார்கள், மாதாமாதம் பராமரிப்புக்கு என்று பணமும் கொடுத்தார்கள், அப்புறம் ஆகஸ்ட்டில் ஆபீஸைப் பூட்டினார்கள். பசியில் கிடந்த கோழிகளுக்குக் கடைசியில் கால்நடைத் துறைதான் தீனி போட்டது.

தூக்கம் வராமல் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், 2006-ல், அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 24,000 பேருக்கு மேல். ஒருவர் பேசுவதைப் பார்த்து, கேட்டு, உண்மையா பொய்யா என்று சொல்ல வேண்டும். சராசரியாக 54 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். கண்ணைப் பார்க்கமாட்டான், மூக்கைச் சொறிவான், நெளிவான் என்று நாம் நம்புகிற எதுவும் பெரிதாக உதவுவதில்லையாம். நெஞ்சில் இருப்பதை முகம் பளிங்குபோலக் காட்டும் என்கிறது குறள். அது எழுதிய காலத்தில் வாய்ஸ் நோட் இல்லை, சரி. சித்தப்பா இருந்திருப்பார்.

மார்ச் 10, திங்கள்

அம்மா பத்து மணிக்குக் கூட்டுறவுச் சங்கம்வரை போய்வந்தார். ரேஷன் கார்டு விஷயமாம்.

மார்ச் 12, புதன்

எதிர்வீட்டு அக்கா நேற்று கம்பெனி ஆபீஸுக்குப் போய்வந்திருக்கிறார். படித்ததை இவரிடம் சோதித்துப் பார்த்தேன். பொய் சொல்கிறவர்கள் கேள்வி வரும் என்று தெரிந்த இடத்துக்கெல்லாம் பதில் தயாரித்து வைத்திருப்பார்கள், எதிர்பாராத இடத்தில் கேட்டால் திணறுவார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்கிற வழி. அதனால் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், செருப்பை எங்கே விட்டீர்கள், டீ கொடுத்தார்களா என்று கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. டீ கொடுத்தார்கள், சக்கரை கம்மி, பேப்பர் கப். செருப்பை மாடிப்படியிலேயே விடச் சொன்னார்கள், திரும்பி வரும்போது ஒரு கால் கீழ்ப்படிக்கு உருண்டு கிடந்தது. ஏசி ஓடவில்லை. மேனேஜர் பொண்ணு அழுத முகமாக இருந்தாள், கேட்டதற்குச் சளி என்றாள்.

அத்தனையும் உண்மை. போயிருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், வியாழக்கிழமை என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு அப்படியே வந்து சொல்கிறார். இவர் முகத்தை வருடம் முழுக்கப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் இவர் பொய் சொல்லவில்லை. பொய்யைச் சொல்வதற்கு இவரை மாதிரி ஆட்களாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். தெருவில் நாலு பேர் நம்புகிற பெண், கோயில் கமிட்டியில் இருப்பவர், கடன் வாங்கினால் சொன்ன தேதியில் கொடுப்பவர். அவருடைய மகள் கல்யாணப் பணமும் அங்கேதான் இருக்கிறது.

அந்த மேனேஜர் பொண்ணு. அவளுக்குத் தெரியும்.

மார்ச் 13, வியாழன்

இல்லை. "அடுத்த வியாழன்" என்ற செய்தி மதியமே வந்துவிட்டது, ராத்திரிவரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை.

மார்ச் 15, சனி

1920-ல் பாஸ்டனில் போன்சி என்றொரு ஆள். 45 நாளில் 50 சதவீதம் லாபம் என்றான். வெளிநாட்டில் தபால் கூப்பனை மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றுகிறேன் என்று கதை. சந்தேகப்பட்டு ஜனங்கள் ஆபீஸ் வாசலில் கூடியபோது, வரிசையில் நின்றவர்களுக்குக் காபியும் தின்பண்டமும் கொடுத்தானாம், நிறைய பேர் பணத்தைக் கேட்காமலேயே திரும்பிப் போனார்கள். பாரன் என்று ஒரு பத்திரிகைக்காரர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கணக்குப் போட்டார். அவன் சொல்கிற வியாபாரம் நடக்க வேண்டுமென்றால் 16 கோடி கூப்பன் வேண்டும். புழக்கத்தில் இருந்ததே சுமார் 27,000.

சத்தி ரோட்டில் இவர்களுடைய எண்ணெய் மில் இருக்கிறது, அந்த லாபத்தில்தான் வட்டி என்பது இவர்கள் கதை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தகரக் கொட்டகை, எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் இரண்டு, ஒன்றின் மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. புண்ணாக்கு வாசனையே இல்லை. நம் ஊரில் மட்டும் முப்பது கோடி சேர்ந்திருக்கிறது என்று அக்கா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். முப்பது கோடிக்கு மூணு வட்டி என்றால் மாதம் 90 லட்சம். அந்தக் கொட்டகையிலிருந்து.

வாட்ச்மேனிடம் மில் ஓடுகிறதா என்று கேட்டேன். "ஓடுதுங்க" என்றார். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததே எக்ஸ்பெல்லரின் வாய்க்கு நேராக.

மார்ச் 17, திங்கள்

தம்பி பெங்களூரிலிருந்து பேசினான். பேச்சுவாக்கில் "அம்மாவோட மூணு லட்சம்" என்றான். எனக்கு இரண்டு, அவனுக்கு மூன்று. அப்பாவுக்கு ஒன்றுதான் தெரியும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாராம். யாரால் எவ்வளவு தாங்க முடியும் என்று அளந்து, ஆளுக்குத் தகுந்த மாதிரி கொடுத்திருக்கிறார்.

கோபமாக வந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. எனக்கு இரண்டுதான் தாங்கும் என்று எதை வைத்து முடிவு செய்தார்?

மார்ச் 18, செவ்வாய்

சித்திரையில் மாமா வீட்டுக் கல்யாணம். ஆரத்தை எடுத்துப் பாலிஷ் போடக் கொடுக்கட்டுமா என்று சும்மா கேட்டேன். "லாக்கர்ல இருக்கு கண்ணு, அது கனம், வெயில் காலத்துல கழுத்தெல்லாம் அரிக்கும், இந்தத் தடவ கவரிங்கே போதும், இப்பெல்லாம் யாரு பாக்கறா" என்று நிறுத்தாமல் பேசினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கண்ணீர்கூடக் கணக்கில் வராது.

ஆனால் லாக்கரை வாடகை ஏற்றிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்தோம். நான்தான் கூடப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 19, புதன்

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி கூட்டுறவுச் சங்கம்.

மார்ச் 20, வியாழன்

ஏழு லட்சம். கேட்டேன், சொல்லிவிட்டார். நான் சங்கத்து ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன், அதனால் சொன்னார். கையில் இருந்தது இரண்டு. மிச்சம் ஐந்துக்கு ஆரம், வளையல், எல்லாம் நகைக்கடன். அங்கே லட்சத்துக்கு மாதம் ஆயிரம் கட்டுவது, இங்கே மூவாயிரம் வாங்குவது. "அந்த அஞ்சுல மட்டும் கட்டினது போக மாசம் பத்தாயிரம் நின்னுச்சு கண்ணு. உங்கப்பா மாத்திரையெல்லாம் யாரு வாங்குனான்னு நெனச்ச?" நான் அனுப்புகிற பணத்தில் வாங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் பேசவில்லை. மோர் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 22, சனி

வக்கீலைப் பார்த்தேன். முதலீட்டாளர் பாதுகாப்புக்கு என்று 1997-ல் தமிழ்நாடு போட்ட சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார், கம்பெனி சொத்தை முடக்குவார்கள், கோவையில் சிறப்பு நீதிமன்றம். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். இவராவது பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் குரூப்பில்: "கேஸ் போடுபவர்களால் அனைவரின் பணமும் முடங்கும். அவர்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." இத்தனை நாளில் அவர்கள் போட்டதில் இது ஒன்றில்தான் பயம் தெரிகிறது. எதிர்வீட்டு அக்கா அதையே வந்து வாசலில் நின்று சொன்னார், மனப்பாடமாக. கூட வாருங்கள், உங்கள் பத்திரத்தையும் கொடுக்கலாம் என்றேன். "நான் கையெழுத்துப் போட்டா, நான் சேத்துவிட்டவங்கல்லாம் எங்கிட்ட வருவாங்க கண்ணு" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

அப்பா சாப்பிடும்போது "வியாழக்கிழமை வியாழக்கிழமைங்கறீங்களே, என்ன அன்னிக்கி?" என்றார். சாய்பாபா கோயில் என்றார் அம்மா. அப்பா தலையை ஆட்டினார். நல்ல வேகமாக ஆட்டினார்.

மார்ச் 24, திங்கள்

நாளைக்கு ஈரோடு. அம்மா பத்திரங்களை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார், லட்சத்துக்கு ஒன்று. ஜெராக்ஸ் கடையில் நின்றுதான் எண்ணினேன், எட்டு. எட்டாவது ஒரு லட்சம், அப்பா பெயரில், போன ஆனியில், கையெழுத்து அவருடையதுதான், அந்தக் கடைசிச் சுழியோடு. அம்மாவுக்குப் போன் போட்டால் "அத உங்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாரு உங்கப்பா" என்கிறார். அப்படியென்றால் புகாரில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும், அவர் ஆதார் நகல் வேண்டும், பேங்க் ஸ்டேட்மெண்ட் வேண்டும், இதை அவரிடம் போய் எப்படிக் கேட்பது, கடைக்காரர் வேறு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்னும் எத்தனை காப்பி என்று