கப்பலேறிய பையனைத் தேடி: இதுவரை கிடைத்தவை

எங்கள் எள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். மீசை முளைக்கும் முன்பே மாட்டு வழக்கில் பிடிபட்டு, சேலத்தில் தீர்ப்பாகி, தீவாந்திரத்துக்குக் கப்பலேற்றப்பட்டார் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் மகாளய அமாவாசைக்கு இன்றும் அவருக்குத் தனி இலை உண்டு. ‘கப்பல் தாத்தா’ என்பார் பெரியம்மா. பெயர் யாருக்கும் தெரியாது. அவர் எங்கே போய்ச் சேர்ந்தார், என்ன ஆனார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் காலத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. பீரோவில் 1870களின் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. எள்ளுத்தாத்தா தனக்காகவும் மைனர் மகனுக்காகவும் அதில் கைநாட்டு வைத்திருக்கிறார். அவர் வயதைக் கணக்குப் போட்டால், அண்ணன் சிறுவனாக இருந்தது 1850களில். இது பெரிய துப்பு. வீட்டில் எல்லோரும் அந்தமான் என்றே சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தமானில் நிலையான கைதிக் குடியிருப்பு தொடங்கியதே 1858 மார்ச்சில்தான். அதற்கு முன் சென்னை மாகாணத்துக் கைதிகள் போனது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், பர்மாவின் மௌல்மீன் பக்கம்.

இணையத்தில் தேடினால் வந்து நிற்பதெல்லாம் ஆஸ்திரேலியா. டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தருக்கு எதிரே பாயிண்ட் பியூர் என்று சிறுவர்களுக்கென்றே ஒரு சிறை 1834 முதல் 1849 வரை இருந்தது. அங்கே போன பிரிட்டிஷ் பையன்களின் உயரம், கண் நிறம், ஏறிய கப்பல் வரை வீட்டிலிருந்தே படிக்கலாம். நம் கைதிகளுக்கும் அப்படித்தான் எழுதினார்கள்: பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு. அந்தக் காகிதங்களில் பெரும்பாலானவற்றை ஆவணக் காப்பகத்துக்குப் போய்த்தான் புரட்ட வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களைத் தேடுகிறவர்கள் சேலம் ஜில்லா என்றே தேட வேண்டும். தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல். ஊர்ப் பெயரும் ‘கிஸ்ட்னகெரி’ போன்ற எழுத்துகளில்தான் இருக்கும். 1862இல் உயர் நீதிமன்றம் வரும்வரை பெரிய தண்டனைகளைச் சென்னையில் இருந்த பௌஜ்தாரி அதாலத்து என்ற தலைமைக் குற்றவியல் நீதிமன்றம்தான் உறுதி செய்தது. அதன் தீர்ப்புகள் 1850களில் தொகுதிகளாக அச்சாயின, ஸ்கேன் பிரதிகளும் கிடைக்கின்றன. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சேலம் வழக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

அதில் ஒரு வழக்கில் கை நின்றுவிட்டது. கிருஷ்ணகிரி தாலுகா, கூட்டுக் கொள்ளை, பெரியவர்கள் சிலரோடு ஒரு பையன். கொள்ளையடித்த மாடுகளை ஓட்டிப்போனது அவன் வேலை. தகப்பன் பெயர் எங்கள் பத்திரத்தில் இருக்கும் பெயர். அதே பெயரில் அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள், அதனால் இவன்தான் என்று இன்னும் முடிவு கட்டவில்லை. ஆனாலும் என் மனசு ஆறவில்லை. ‘ஓட்டு’ என்று பெரியவர்கள் சொன்னால் மாட்டை ஓட்டுகிற வயது அது. ஏழு வயதுக்குள் செய்தது குற்றமே ஆகாது, பன்னிரண்டுக்குள் என்றால் விவரம் தெரிந்து செய்தானா என்று பார்க்க வேண்டும் என்ற இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862இல்.

அப்புறம் சிங்கப்பூர். அங்கே செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகள். வேலை தொடங்கியது 1856இல். சுவர்ப் பூச்சுக்கு மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் இவற்றைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள். நம் ஊர்க் கொத்தனார் கை அது! நன்னடத்தைக் கைதிகள் சிறையின் கைதி வகுப்புகளில் படிப்படியாக மேலே உயர்ந்து, வெளியே தங்கிப் பிழைக்க அனுமதிச் சீட்டு பெற்றார்கள். மாட்டு வண்டி வைத்தும் கறவை மாடு வளர்த்தும் காலூன்றியவர்கள் உண்டு. கப்பல் தாத்தாவும் அப்படி ஒரு மாட்டுக் கொட்டகையில் தலை நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

சிங்கப்பூர்ச் சிறை 1873இல் மூடப்பட்டது, தண்டனை முடியாதவர்களை அந்தமானுக்கு மாற்றினார்கள். வீட்டில் சொன்ன அந்தமான் கதை அந்த வழியில்கூட வந்திருக்கலாம், அதனால் அந்தப் பதிவுகளையும் விடப்போவதில்லை. இப்போதைக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1850களின் நீதித் துறை நடவடிக்கைகளைப் பார்க்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேண்டியது கப்பல் பட்டியல். அதில் அந்தப் பையனின் சொந்த ஊர் இருந்தால் எங்கள் ஊர்தானா என்று தெரிந்துவிடும்.