மகளின் சக்கர நாற்காலிக்குள் ஓர் இருக்கை

பெருமூளை வாதத்துடன் வளரும் என் மகளுக்கு முதலில் கிடைத்தது, வைத்தியசாலைகளில் நோயாளரைத் தள்ளிச் செல்லும் வகையைச் சேர்ந்த மடக்கு நாற்காலி. அதன் ரெக்சின் இருக்கை நடுவில் தொய்ந்து தொடைகளை உள்நோக்கிச் சரித்தது. ஆழமும் கூடியிருந்ததால், இடுப்பு முன்னே வழுக்கிய பிறகே அவளுடைய முதுகு சாய்வைத் தொட்டது. வெளிநாட்டு இருக்கைகளின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே நாற்காலியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் பொருந்தும் இருக்கையை மட்டும் கணினியில் வரைந்து, அந்த வரைபடத்தின்படி தானாகவே பலகை வெட்டும் சிஎன்சி இயந்திரத்தால் கொழும்பிலேயே வெட்டிக்கொள்ளத் தீர்மானித்தோம்.

கேள்விப்படுவோர் எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசி விடயம், இயன்மருத்துவர் மகளைக் கட்டிலில் கிடத்தியும் பிறகு விளிம்பில் அமர்த்தியும் பரிசோதித்தபோதே முடிவாகிவிட்டது. அவளுடைய இடுப்பு இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. கையால் தாங்கினால் அது நேராகிறதா என்பதே முதற் கேள்வி. நேரானால் தாழ்ந்த பக்கத்தின் கீழ் திண்டு வைத்துத் திருத்தலாம், இறுகிப்போயிருந்தால் உயர்ந்த பக்கத்தின் கீழுள்ள வெற்றிடத்தை நிரப்பி, பாரத்தை இரு பக்கமும் பரப்ப வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஒரே எலும்பின்மேல் பாரம் குவிந்து படுக்கைப்புண் உண்டாகக்கூடும். மகளுக்கு நேரானது. இருக்கையின் ஆழத்தை, பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு விரல் அகலத்தைக் கழித்துக் குறித்தார்.

அளவுகளை மாற்றினால் முழு வரைபடமும் தானே மாறும்படி, ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் என் தம்பி வரைந்தான். முதலில் தடித்த கார்ட்போர்டில் வெட்டி அமர்த்திப் பார்த்துவிட்டே பிளைவூட்டுக்குப் போனோம். சிஎன்சி இயந்திரம் வைத்திருந்தவர், கடையில் 12 மில்லிமீற்றர் என்று விற்கும் பலகை பெரும்பாலும் அதைவிடச் சற்று மெல்லியதாகவே இருக்கும் என்று எச்சரித்து, பலகைகள் ஒன்றோடொன்று கோக்கும் பொருத்துவாய்களைத் துண்டுப் பலகையில் வெட்டிச் சோதித்த பின்னரே வேலையைத் தொடங்கினார். வெட்டும் அலகு உருண்டையானதால் உள்மூலைகள் சதுரமாக வராது. மறு பலகையின் மூலை முழுதாக அமரும்படி அங்கே சிறு வட்டக் குழிகளை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். பக்கத் தாங்கிகளைப் பிடிக்கும் சிறு கொளுவிகளை மட்டும் முப்பரிமாண அச்சில் எடுத்தோம். மலிவான பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகையில் இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அது நம்பத்தக்கதல்ல என்பதால், பெட்ஜி என்னும் பொருளைத் தெரிந்தெடுத்தோம்.

குஷன் தைப்பவரிடம் இரண்டு விடயங்களை வற்புறுத்த வேண்டியிருந்தது. அடியில் கடினமான ஃபோமும் மேலே மென்மையானதும் வேண்டும். உறை இழுபடும் துணியாக இருக்க வேண்டும். ரெக்சினை விறைப்பாக இழுத்துத் தைப்பதே அவருக்கு அழகு. அப்படித் தைத்தால் நாம் செதுக்கிய பள்ளத்தின் மேல் உறை ஊஞ்சல் போலத் தொங்கிவிடும். கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையும் தேங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டல்களில், பொருத்திப் பார்ப்பது தனியொரு படியாகவே வைக்கப்பட்டுள்ளது. அதன் காரணம் மகளை அமர்த்திப் பொருத்திப் பார்த்த அன்றுதான் விளங்கியது. புதிய இருக்கையால் மகள் உயர்ந்துவிட்டதால் கால்தாங்கியையும் உயர்த்த வேண்டியிருந்தது. பாரம் மேலேறியதால் நாற்காலி பின்னே சாயாதபடி பின்புறத்தில் மேலதிகமாக இரு சிறு சக்கரங்களைப் பொருத்தினோம். முச்சக்கரவண்டியில் ஏற்றும்போது நாற்காலியை மடிக்க வேண்டுமென்பதால், இருக்கையை நாற்காலிச் சட்டத்தின் குழாய்களிலிருந்து கையாலேயே கழற்றக்கூடியதாக அமைத்தோம். தொடக்கத்தில் சிறிது நேரமே அமர்த்தி, தோலைப் பார்த்தோம். அரைமணி நேரத்துக்குள் மறையாத சிவப்பு தென்பட்டால் அந்த இடத்தில் ஃபோமைத் திருத்த வேண்டும்.

இயந்திரத்தால் கிடைத்த உண்மையான இலாபம் மகள் வளர்ந்தபோதுதான் தெரிந்தது. நல்ல தச்சர் ஒருவர் முதல் இருக்கையை இதே அளவு நேர்த்தியாகக் கையாலேயே செய்திருப்பார். ஆனால் இரண்டாவது முறை நாங்கள் ஆழத்துக்குரிய எண்ணை மட்டும் மாற்றி, அடிப்பலகையை மட்டும் புதிதாக வெட்டினோம். பக்கத் தாங்கிகளை, முன்கூட்டியே விட்டிருந்த நீள்துளைகளில் நகர்த்தினாற் போதுமாயிருந்தது. எனினும் அளவை மாற்றுமுன் இடுப்பை மறுபடியும் பரிசோதித்த இயன்மருத்துவர், இடப்பக்கத் திண்டின் உயரத்தையும் சற்றுக் குறைக்கச் சொன்னார்.