தையில என்ன மழை

"தையில என்ன மழை வந்துடப் போகுது அண்ணே, பத்து நாள் பொறுங்க." 2023 ஜனவரி 20 வாக்கில், வேளாண் துறையில் வேலை பார்க்கும் நான் ஒரு டெல்டா நெல் விவசாயியிடம் சொன்ன வார்த்தை. இன்னும் காதில் நிற்கிறது.

அறுவடை மிஷின் பக்கத்து வயலில் ஓடிக்கொண்டிருந்தது. விட்டால் திரும்பி வரப் பத்து நாளாகும். அவர் ஒரு கதிரை ஒடித்து என் கையில் வைத்தார். சி.ஆர்.1009 என்ற நெல் ரகம். நுனி பழுத்திருந்தது, அடிமணிகள் பச்சை. ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், அரிசி முழுசாக இறுகவில்லை. நூற்றுக்கு எண்பது மணியாவது மஞ்சளாக வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்கிறவன் நான். அன்றைக்கே அறுத்தால் பச்சை நெல் கலந்து வரும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையும் விலகிவிட்டதாக அறிவிப்பு வந்திருந்தது. அந்தக் கதிருக்கு நான் சொன்னது சரியான பதில்தான்.

ஆனால் அவர் கேட்டது கதிரைப் பற்றியா? "மழை எப்படி சார் இருக்கும்?" என்றுதான் கேட்டார்.

ஜனவரி கடைசியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும் போன் செய்தேன். மிஷின் வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார். பிப்ரவரி தொடக்கத்தில் அது தாழ்வு மண்டலமாகி இலங்கையைக் கடந்தது, டெல்டா முழுக்க மழை கொட்டியது. மழை விட்டபின் போனேன். பயிர் தண்ணீரில் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது. ஒரு கொத்தைத் தூக்கினேன், மணிகளின் மூக்கில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை முளை. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு நாள்ல வடிஞ்சுடும் சார்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். கணக்கெடுப்பில் அவர் வயலின் பாதிப்பை எழுதியதும் இதே கைதான்.

அப்புறம் ஒருநாள் மழைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2022 வடகிழக்குப் பருவமழை, தமிழகம் மொத்தத்துக்கும் "இயல்பு". அதே பருவத்தில், நவம்பர் 11-ஐ ஒட்டி, சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. மாநிலத்தின் சராசரி மூன்று மாதத்துக்கே சுமார் 44 செ.மீ.தான்! 2015-இல் இயல்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதல், அடுத்த வருஷமே 62 சதவீதம் குறைவு. இரண்டையும் கூட்டி வகுத்தால் அதுவும் இயல்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒன்றில் பயிர் மூழ்கியது, மற்றதில் காய்ந்தது. எந்த விவசாயியும் சராசரியில் நாற்று நடவில்லை.

இன்னொன்று அதைவிடக் குடைகிறது. பருவமழைக் கணக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அவர் நெல்லை முளைக்க வைத்த மழை அதில் ஒரு சொட்டுகூடச் சேராது. அது குளிர்கால மழை, கணக்கில் வேறு கட்டம். நானும் பருவமழைக் கட்டத்தை மட்டும் மனதில் வைத்துத்தான் "தையில என்ன மழை" என்றேன் போலிருக்கிறது.

சரி, "அறுத்துடுங்க" என்று சொல்லி மழையே வராமல் போயிருந்தால்? பச்சை நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்திருப்பார். அந்த நஷ்டமும் என் வாயால்தான் வந்திருக்கும். சில ராத்திரி இப்படி நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் ஈர நெல்லைக் காயவைக்க வழியுண்டு, முளைத்த நெல்லை என்ன செய்வது? "தெரியாது அண்ணே, நாலு ஏக்கர்ல ரெண்டையாவது இன்னிக்கு அறுத்துக்குங்க" என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த தையிலும் அவர் வந்தார். அதே கேள்வி. இந்தத் தடவை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, "அஞ்சு நாளைக்கு ஓரளவு சொல்லலாம், அதுக்கு மேல உறுதியில்லை அண்ணே" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மிஷின்காரன் பத்து நாள் கழிச்சுத்தான் வரேங்கிறான், சார்."